தாலி கட்டியாச்சு... போலீஸ் சான்றிதழ் வாங்கியாச்சா?

கனடாவில் இருக்கும் கணவனோடு போய்ச் சேர, கும்பகோணத்திலோ கோண்டாவிலிலோ இருக்கும் மனைவி அனுப்புகிற கோப்பில் என்னவெல்லாம் இருக்கும்? திருமணப் பதிவுச் சான்றிதழ். ஆல்பத்திலிருந்து பொறுக்கியெடுத்த 20 படங்கள். வாட்ஸ்அப்பில் இரவு பகல் பாராமல் பேசியதற்கான ஸ்கிரீன்ஷாட்டுகள். மாப்பிள்ளை வந்துபோன விமான டிக்கெட்டுகள். கல்யாணப் பத்திரிகையைக்கூட ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்திருப்பார்கள். ‘இது உண்மையான கல்யாணம்தான்’ என்று நிரூபிக்க இரண்டு குடும்பங்களும் சேர்ந்து உழைத்திருக்கும். பல வீடுகளில் கோப்பு மாதக்கணக்கில் நின்றுபோவது இவற்றில் எதனாலும் இல்லை. ஏழெட்டு வருடத்துக்கு முன் வேலை பார்த்துவிட்டு வந்த ஏதோ ஒரு நாட்டின் போலீஸ் தர வேண்டிய ஒற்றைத் தாளால்.

அந்தத் தாளுக்கு ஊருக்கு ஒரு பெயர். இந்தியாவில் பி.சி.சி., இலங்கையில் பொலிஸ் ரிப்போர்ட், வளைகுடாவில் குட் காண்டக்ட் சர்டிஃபிகேட், சிங்கப்பூரில் சி.ஓ.சி. பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான்: ‘எங்கள் ஏட்டில் இவர்மேல் புகார் ஏதுமில்லை.’

குற்றவாளிகளை வாசலிலேயே நிறுத்துவதற்காக ஏற்பட்ட நடைமுறை இது. ஆனால் இதில் அதிகம் அல்லாடுகிறவர்கள் பல நாடு சுற்றிப் பிழைத்த சாதாரண மனிதர்கள். ஒரே ஊரில் பிறந்து, படித்து, அங்கேயே வேலை பார்த்தவருக்கு ஒரு சான்றிதழோடு கதை முடிந்தது. டிப்ளமோ முடித்துவிட்டு சிங்கப்பூரில் 2 வருடம், துபாயில் 3 வருடம், நடுவில் கத்தாரில் 8 மாதம் என்று ஓடியவருக்கு ஊரையும் சேர்த்து நான்கு. தமிழர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த இரண்டாவது ரகம் எவ்வளவு அதிகம் என்று தெரியும்.

எந்த நாடு, எத்தனை மாதம்?

கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2002 ஜூன் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் 34-ஆம் பிரிவு நாட்டுப் பாதுகாப்பு, 35 மனித உரிமை மீறல், 36 குற்றப் பின்னணி. நாட்டுக்குள் விடக் கூடாதவர்கள் யார் என்பதை இந்த மூன்றும் சொல்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இதே சட்டம் வாழ்க்கைத் துணைகளுக்கு வேறொரு இடத்தில் கருணை காட்டுகிறது. ‘இவருடைய வைத்தியச் செலவு அரசுக்குப் பெரும் சுமையாகும்’ என்று சொல்லி ஸ்பான்சர் செய்யப்பட்ட மனைவியையோ கணவனையோ மறுக்க முடியாது. உடம்பு விஷயத்தில் கிடைக்கும் அந்தச் சலுகை, போலீஸ் விஷயத்தில் கிடையாது.

அடிப்படை அளவுகோல் இரண்டு: 18 வயது, தொடர்ந்து 6 மாதம். அந்த வயதுக்குப் பிறகு எந்த நாட்டில் 6 மாதமோ அதற்கு மேலோ தொடர்ச்சியாக வசித்திருந்தாலும், அந்நாட்டுச் சான்றிதழை அதிகாரி கேட்கலாம். வாழ்க்கைத் துணை மனுவில் முதலிலேயே இணைக்க வேண்டியவை பொதுவாக இரண்டு. இப்போது வசிக்கும் நாட்டினுடையது ஒன்று. 18 வயதுக்குப் பின் அதிக காலம் கழித்த நாட்டினுடையது இன்னொன்று. மற்ற நாடுகளுக்குப் பின்னால் கடிதம் வரும். வராமலும் போகலாம். வந்தால் அதில் ஒரு கெடு தேதியும் இருக்கும். ‘கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சும்மா இருந்தவர்கள் கையைப் பிசைவது அப்போதுதான்.

சான்றிதழுக்கு ஆயுளும் உண்டு. இப்போது வசிக்கும் நாட்டில் வாங்கியது என்றால், விண்ணப்பம் போடும் நாளில் 6 மாதத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். மற்ற நாடுகளுக்கு, கடைசியாக அங்கே வசித்து முடித்த பிறகு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது விதி. நிச்சயதார்த்தம் முடிந்த சூட்டோடு பெண்வீட்டார் பி.சி.சி. வாங்கிவிடுவார்கள். அப்புறம் ஆடி மாதம் குறுக்கே வரும், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது, திருமணப் பதிவு தள்ளிப்போகும். விண்ணப்பம் தயாராகும்போது பி.சி.சி. காலாவதியாகியிருக்கும். கட்டிய பணம் பெரிதில்லை. மறுபடி வரிசையில் நிற்பதுதான் வேதனை.

இது கனடா கணக்கு. அமெரிக்காவுக்குப் போகும் மனைவிக்குக் கணக்கே வேறு. அங்கே வயது 16. சொந்த நாட்டிலும் தற்போது வசிக்கும் நாட்டிலும் 6 மாதம் இருந்திருந்தால் சான்றிதழ் வேண்டும். முன்பு வசித்த மற்ற நாடுகளுக்கு 12 மாதம். ஆனால் எங்காவது கைது ஆகியிருந்தால், அங்கே ஒரே ஒரு நாள் தங்கியிருந்தாலும் அந்த ஊர்ச் சான்றிதழ் கட்டாயம். ஆஸ்திரேலியா, கடந்த 10 வருடத்தில் ஒரு நாட்டில் விட்டுவிட்டு இருந்த நாட்களையும் கூட்டிப் பார்க்கிறது. மொத்தம் 12 மாதம் தாண்டினால் கேட்கிறது. பிரிட்டனோ மனைவிக்கான விசாவில் பொதுவாகப் போலீஸ் சான்றிதழே கேட்பதில்லை. இந்தியாவிலிருந்து போகிறவரிடம் காசநோய்ப் பரிசோதனைதான் கேட்கிறது. ஒரே வீட்டில் அக்கா லண்டனுக்கும் தங்கை டொரண்டோவுக்கும் கல்யாணமாகிப் போனால், அக்காவின் அனுபவம் தங்கைக்குச் செல்லாது.

விரல்ரேகை எடுத்தாச்சே, அப்புறம் ஏன்?

விண்ணப்பம் போட்டதும் விசா மையத்துக்குக் கூப்பிட்டுப் பத்து விரலையும் கண்ணாடியில் வைக்கச் சொல்கிறார்களே, அதிலேயே எல்லாம் தெரிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கனடா இந்த பயோமெட்ரிக் பதிவை 2018-ல் ஆசிய நாடுகள் உட்பட உலகம் முழுவதற்கும் விரிவாக்கியது. அந்த ரேகை கனடாவின் சொந்த போலீஸ் பதிவுகளோடும், அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற கூட்டாளி நாடுகளோடும் ஒப்பிடப்படுகிறது. பட்டுக்கோட்டை காவல் நிலைய எஃப்.ஐ.ஆரும் குவைத் போலீஸின் ஏடும் அந்தக் கணினிக்குள் இல்லை. அதனால்தான் இன்னமும் தாள் தேவைப்படுகிறது.

(ரேகையை வகைப்படுத்தி ஆளை அடையாளம் காணும் உலகின் முதல் விரல்ரேகைப் பிரிவு 1897-ல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. அந்த வகைப்பாட்டை உருவாக்கிய உழைப்பில் அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியக் காவல் அதிகாரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. உலகம் முழுக்கப் பரவிய அந்த முறைக்கு ‘ஹென்றி முறை’ என்று மேலதிகாரியான எட்வர்ட் ஹென்றியின் பெயர்தான் நின்றது என்பது தனிக்கதை.)

அமெரிக்காவில் 6 மாதமோ அதற்கு மேலோ இருந்தவர்களிடம் கனடா கேட்பது எஃப்.பி.ஐ. தரும் பதிவுச் சுருக்கம். அதற்கும் பத்து விரல்தான் சாவி. சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகள் பலவற்றுக்கும் அப்படித்தான். கட்டட வேலையில் சிமென்டும் சுண்ணாம்பும் கலந்த கைக்கு ரேகை தேய்ந்துபோயிருக்கும். மையை உருட்டி அட்டையில் அழுத்தினால் கோடுகளுக்குப் பதில் கறுப்புத் திட்டுதான் விழும். ‘ரேகை தெளிவாக இல்லை’ என்று அட்டை திரும்பி வரும். அனுபவப்பட்டவர்கள் சொல்லும் யோசனை எளியது: ரேகை எடுப்பதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே வேலைக்கு ஓய்வு கொடுத்து, கைக்கு எண்ணெயோ கிரீமோ தடவி வாருங்கள், ஒன்றுக்கு இரண்டு அட்டையாக எடுத்து அனுப்புங்கள்.

வளைகுடாவை விட்டு வந்த பிறகு

துபாயில் வேலையில் இருக்கும்போது அந்தச் சான்றிதழ் எடுப்பது பெரிய காரியமே இல்லை. எமிரேட்ஸ் ஐடி இருக்கிறது, அரசு ஆப் இருக்கிறது, பணத்தைக் கட்டினால் போனுக்கே வந்துவிடும். கத்தாரில் மெட்ராஷ் ஆப் இருக்கிறது. சிக்கல் எல்லாம் விசாவை ரத்து செய்துவிட்டு ஊருக்கு வந்த பிறகுதான்.

ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் 2016-லிருந்து 2019 வரை ஷார்ஜாவில் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 2024-ல் கல்யாணம், மனைவி கனடாவில் நர்ஸ். இப்போது ஷார்ஜா சான்றிதழ் கேட்கிறார்கள். பழைய எமிரேட்ஸ் ஐடியை வேலையை விட்ட அன்றே கம்பெனி வாங்கிக்கொண்டது. விசா ஒட்டியிருந்த பழைய பாஸ்போர்ட் பரணில் எங்கோ. ஷார்ஜாவில் வைத்திருந்த செல்போன் எண் எப்போதோ செத்துவிட்டது. ஆப்பில் நுழைய அந்த எண்ணுக்குத்தான் கடவுச்சொல் போகும். வெளியிலிருந்து விண்ணப்பிக்க விரல்ரேகைத் தாளில் அமீரகத் தூதரகச் சான்றொப்பம் கேட்டால், சென்னையில் அவர்களுக்குத் தூதரகம் கிடையாது. கிட்டத்தில் இருப்பது திருவனந்தபுரம். ஒரு தாளுக்காக ரயில் ஏற வேண்டும்.

சவூதியும் குவைத்தும் இதைவிட இறுக்கம். அங்கே இன்னும் வேலையில் இருக்கும் நண்பரோ உறவினரோ அதிகாரக் கடிதத்தோடு அலுவலக வாசலில் நின்றால்தான் நடக்கும் என்ற நிலை பலருக்கு. நண்பரும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் நிற்க வேண்டும். முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தவர் கதை இன்னும் மோசம். ‘வேலைக்கு வராமல் ஓடிவிட்டார்’ என்று முதலாளி பதிவு செய்துவைத்த புகார், அவர் ஊர் வந்து பல வருடம் கழித்து, கல்யாணத்துக்குப் பிறகுதான் கண்ணில் படும்.

மற்ற நாடுகளுக்கு வேறு விசித்திரங்கள். ஜப்பான் போலீஸ் சான்றிதழை ஒட்டிய உறையில்தான் கொடுக்கும், பிரித்துவிட்டால் செல்லாது. டோக்கியோவில் ஐ.டி. வேலை பார்த்துவிட்டு வந்தவர், தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே அதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். ஹாங்காங் அதைக்கூட நம் கையில் தராது. சம்பந்தப்பட்ட தூதரகத்துக்கே நேராக அனுப்பிவிடும். சிங்கப்பூரில் குடிமக்கள் அல்லாதவர்கள், எந்த நாடு எதற்காகக் கேட்கிறது என்ற கடிதத்தைக் காட்ட வேண்டும். மலேசியாவில் இதைத் தருவது காவல் துறைகூட இல்லை. புத்ராஜெயாவில் இருக்கும் வெளியுறவு அமைச்சு. பாரிஸின் லா ஷப்பேல் பக்கம் பல வருடம் இருந்துவிட்டு மொன்றியலில் பெண் கட்டும் யாழ்ப்பாணத்துப் பையனுக்கு மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம்: பிரான்சின் குற்றப் பதிவேடு நாந்த் நகரில் இருக்கிறது, மூன்றாம் எண் சான்று என்று கேட்டால் இலவசமாகவே அனுப்பிவிடுகிறார்கள்.

‘வீட்ல இருக்கீங்களா?’

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு பி.சி.சி. தருவது காவல் நிலையம் இல்லை, பாஸ்போர்ட் அலுவலகம். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என நான்கு மண்டல அலுவலகங்கள். இணையத்தில் விண்ணப்பம், 500 ரூபாய் கட்டணம், சேவை மையத்தில் ஒரு காலைப் பொழுது. 2022 செப்டம்பர் 28 முதல் அஞ்சலக பாஸ்போர்ட் மையங்களிலும் விண்ணப்பிக்கலாம் என்று ஆனதில் சிறு ஊர்க்காரர்களுக்கு அலைச்சல் குறைந்தது. மாநிலக் காவல் துறையும் தன் இணையதளத்தில் தனியாக ஒரு நன்னடத்தைச் சரிபார்ப்புச் சேவை நடத்துகிறது. அது வேலைக்கு ஆள் எடுப்பதற்கும் வீட்டு வாடகைக்கும். குடிவரவுக்கு அதை வாங்கி அனுப்பி, திரும்பிவந்த பிறகு விழித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பி.சி.சி.யில் எந்த நாட்டு விசாவுக்காக என்று பெயர் குறித்தே வரும். குவைத் வேலைக்கென்று வாங்கியதைக் கனடாவுக்கு நீட்ட முடியாது.

மையத்தில் வேலை முடிந்ததும் காத்திருப்பு தொடங்கும். ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து போன் வரும். “ஸ்டேஷன்ல இருந்து பேசறோம்மா. வீட்ல இருக்கீங்களா?” அந்தக் கேள்விக்குத்தான் புதுமணப் பெண்ணிடம் நேர்ப்பதில் இருக்காது. பாஸ்போர்ட்டில் இருப்பது பிறந்த வீட்டு முகவரி, மன்னார்குடி. கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் வேலை பார்த்தது சென்னை வேளச்சேரியில், மகளிர் விடுதியில். இப்போது இருப்பது மாமியார் வீடு, திருச்சி. ஏட்டையா மன்னார்குடி வீட்டுக்கு வரும்போது அப்பாதான் இருப்பார். “பொண்ணு எங்க?” “கட்டிக் குடுத்துட்டோங்க, திருச்சியில இருக்கு.” அந்த முகவரியில் ஆள் வசிக்கவில்லை என்று எழுதிவிட்டால் விண்ணப்பம் நின்றது. வேளச்சேரி விடுதியில் விசாரித்தால் வார்டன் மாறியிருப்பார். புது வார்டனுக்கு இந்தப் பெண்ணைத் தெரியாது.

இந்த நடைமுறை யாருடைய சௌகரியத்துக்காக எழுதப்பட்டது என்பது பளிச்சென்று தெரிகிறது: பிறந்த வீட்டிலேயே கடைசிவரை இருக்கும் ஆண்மகனுக்காக. கல்யாணமானால் வீடு மாறுவது பெண்தான் என்பது ஊரறிந்த விஷயம். வாழ்க்கைத் துணை விசாவுக்கு விண்ணப்பிக்கும் பெண்ணோ அந்த மாற்றத்தின் நடுவில்தான் நிற்கிறாள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் மூன்றும் மூன்று முகவரி சொல்லும் அந்தச் சில மாதங்களில்தான் அவளிடம் ‘எங்கே வசிக்கிறாய்?’ என்று அரசாங்கம் கேட்கிறது.

முகவரிக்கு அடுத்த தலைவலி இனிஷியல். அப்பா பெயரே கடைசிப் பெயராக அச்சாகும் நம் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்து வெளிநாட்டு அலுவலகங்கள் குழம்புவது புதிதில்லை. குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்று பொருள்படும் மூன்று எழுத்து முன்னால் ஒட்டிக்கொள்ளும். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுக்கு 2022 நவம்பர் 21 முதல் சுற்றுலா, வருகை விசாக்களில் அமீரகம் கதவை அடைத்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், வளைகுடா அடையாள அட்டையில் தாத்தா பெயர்வரை சேர்த்து நான்கு துண்டு. மூன்று சான்றிதழிலும் மூன்று விதமாகப் பெயர் வந்தால், ‘இவர்கள் மூவரும் ஒருவரே’ என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் போட வேண்டிவரும். விண்ணப்பத்தில் ‘இதற்கு முன் பயன்படுத்திய பெயர்கள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. நம் ஆட்கள் அதை வெறுமையாக விடுவதுதான் வழக்கம். விடக் கூடாது.

வழக்கு என்று ஒன்று இருந்தால்

‘எம்மேல என்ன கேஸ் இருக்கப் போகுது?’ என்று சிரிப்பவர்களுக்கு 2020-ஐ நினைவூட்ட வேண்டும். ஊரடங்கில் பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனதற்காக இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவில் வழக்கு வாங்கிய இளைஞர்கள் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில். சுமார் 10 லட்சம் வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று 2021 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளுக்கும் அதே மாதம் அதே மாதிரி அறிவிப்பு. அறிவிப்பு ஒன்று, காவல் நிலையப் பதிவேட்டில் அந்த வரி தீர்ந்துவிட்டதா என்பது வேறொன்று. வெளிநாட்டுக் கல்யாணம் கூடிவரும் வீட்டில், அந்தப் பழைய எஃப்.ஐ.ஆர். என்ன ஆயிற்று என்று நிலையத்திலோ கோர்ட்டிலோ ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வழக்கு இருப்பதாலேயே கதவு மூடிவிடுவதில்லை. கனடா அதிகாரி பார்ப்பது, அதே செயலை கனடாவில் செய்திருந்தால் அங்கே என்ன குற்றம், அதிகபட்சத் தண்டனை என்ன என்பதை. ஊரடங்கில் பைக் ஓட்டியது அங்கே பெரிய விவகாரமாக எடுத்துக்கொள்ளப்படுவது அரிது. குடித்துவிட்டு ஓட்டியது? அங்கேதான் பல பேர் ஏமாறுகிறார்கள். நம் ஊரில் அபராதம் கட்டிவிட்டு மறந்துபோகிற சமாசாரம். கனடாவில் 2018 டிசம்பர் 18 முதல் அதற்கு அதிகபட்சத் தண்டனை 5 வருடத்திலிருந்து 10 வருடமாக உயர்ந்தது. 10 வருடம் என்ற கோட்டைத் தொட்டதும் 36-ஆம் பிரிவில் அது ‘கடுங்குற்றம்’ என்ற வரிசைக்குப் போய்விட்டது. தண்டனை முடிந்து 5 வருடம் கழித்து, திருந்திவிட்டேன் என்று தனியாக மனு போட்டு, கட்டணம் கட்டி, அதற்குப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஒரு ராத்திரி பார்ட்டிக்காகப் புதுமனைவி டொரண்டோவில் தனியாக இருப்பாள்.

முதல் கல்யாணம் முறிந்து, மனைவியைக் கொடுமைப்படுத்தியதாக 498ஏ-யில் வழக்கு நிலுவையில் இருக்கும் ஆண்களின் நிலை இன்னொரு வகை. (2024 ஜூலை 1-க்குப் பின் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-ஆம் பிரிவுகள்.) வழக்கு நடக்கும்போது சரிபார்ப்பு அறிக்கை பாதகமாகத்தான் போகும்; பி.சி.சி. இழுபடும். இதில் வழக்கை மறைத்து, ‘கைது, வழக்கு எதுவும் உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் அடிக்கச் சொல்லும் ஏஜென்ட்டுகள் உண்டு. அது முழு மடத்தனம். வழக்கு விளக்கத்தோடு தப்பிக்கக்கூடும். பொய் தப்பாது. கனடா குடிவரவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின் கீழ், உண்மையை மறைத்தவருக்கு 5 வருடத் தடை. போலிச் சான்றிதழுக்கும் அதே கதி.

ஈழத்தவரின் கணக்கு

இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கு பொலிஸ் ரிப்போர்ட் கொழும்புத் தலைமையகத்திலிருந்து வருகிறது. இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டை, பாஸ்போர்ட், வசித்த இடங்களின் விவரம் கொடுக்க வேண்டும்; வசித்ததற்கு ஆதாரம் வேண்டுமென்றால் கிராம சேவகரிடம், யாழ்ப்பாணத்தில் பழையவர்கள் சொல்கிற மாதிரி விதானையாரிடம், கடிதம் வாங்க வேண்டும். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தைவிட்டு ஒரே இரவில் கிளம்பி, கிளிநொச்சி, முல்லைத்தீவு, அப்புறம் 2009-ல் மெனிக் பாம் முகாம் என்று இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு எந்த விதானையாரிடம் போய் நிற்பது?

கனடா விண்ணப்பத்தில் கடந்த 10 வருடத்தில் எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று மாதவாரியாக, ஒரு மாதமும் விடுபடாமல் எழுதச் சொல்லும் ஒரு படிவம் உண்டு. போலீஸ் சான்றிதழை அதிகாரி தனியே படிப்பதில்லை. இந்தப் படிவத்தோடு வைத்துப் பார்ப்பார். அத்தோடு இன்னொன்று: விடுதலைப் புலிகள் அமைப்பை கனடா 2006 ஏப்ரலில் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. பொலிஸ் ரிப்போர்ட்டில் கறையே இல்லாவிட்டாலும், 34-ஆம் பிரிவுப் பாதுகாப்புச் சோதனை தனியாக நடக்கும். அதற்குக் கெடு கிடையாது, ஏன் தாமதம் என்று சொல்லவும் மாட்டார்கள். ‘ரிப்போர்ட் க்ளீன், இன்னும் ஏன் வரேல்லை?’ என்று ஸ்கார்பரோவிலிருந்து கேட்கும் கணவர்கள் பலருக்கு இதுதான் பதில்.

தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்கள் நிலை இரண்டிலும் சேராதது. மண்டபத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் இல்லை. ஆகவே பாஸ்போர்ட் அலுவலக பி.சி.சி. வழி அடைபட்டது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதால் சட்டத்தின் கண்ணில் அவள் அகதியும் இல்லை, வெளிநாட்டவள். வெளிநாட்டவருக்கான பதிவு அலுவலகம், மாவட்டக் காவல் துறை, முகாம்களைக் கண்காணிக்கும் க்யூ பிரிவு என்று அலைய வேண்டும். பிறந்த நாளிலிருந்து போலீஸ் கண்காணிப்பிலேயே வாழ்ந்த ஒருத்திக்கு, போலீஸிடமிருந்து ஒரு நற்சான்று வாங்குவது இத்தனை பாடாக இருப்பதை என்னவென்று சொல்ல?

மாப்பிள்ளையின் ரிப்போர்ட் எங்கே?

இத்தனை பக்கம் பேசியதும் போகிறவரின் சான்றிதழ் பற்றி. கூப்பிடுகிறவர்? கனடா விதிகளின் 133-ஆம் விதிப்படி, பாலியல் குற்றத்திலோ குடும்ப உறுப்பினரைத் தாக்கிய குற்றத்திலோ தண்டனை பெற்றவர் ஸ்பான்சர் செய்வதற்குத் தடை இருக்கிறது. நல்ல விதி. ஆனால் ஸ்பான்சர் தன் போலீஸ் சான்றிதழை விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியதில்லை. பெண்ணின் கண்ணில் அது படுவதும் இல்லை. அவர் மேல் வழக்கு நடந்து விடுதலையானாரா, முன்னாள் மனைவி தடை உத்தரவு வாங்கினாரா என்பதெல்லாம் அவர் சொன்னால்தான் உண்டு.

ஆஸ்திரேலியா இதில் ஒரு படி மேலே போனது. 2016 நவம்பர் 18 முதல் போடப்படும் துணைவர் விசா விண்ணப்பங்களில் ஸ்பான்சரிடமும் போலீஸ் சான்றிதழ் கேட்கலாம். குடும்ப வன்முறை போன்ற குற்றங்களில் தண்டனை இருந்தால் அதை விண்ணப்பிக்கும் மனைவியிடம் சொல்ல அவர் சம்மதம் தர வேண்டும். சம்மதம் இல்லையென்றால் ஸ்பான்சர் ஆக முடியாது. அமெரிக்காவில் நிச்சயிக்கப்பட்டவர்களுக்கான ‘கே’ விசாவில், கூப்பிடுகிறவரின் குற்றப் பின்னணியைப் பெண்ணிடம் தெரிவிக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று சொல்கிறது. மற்ற நாடுகளும் இதைப் பின்பற்றினால் என்ன குறைந்துவிடும்? மன்னார்குடி வீட்டு வாசலில் ஏட்டையா வந்து பெண்ணைப் பற்றி விசாரிக்கலாம். டொரண்டோ மாப்பிள்ளையைப் பற்றிப் பெண்வீட்டுக்குத் தெரிவது தரகர் சொன்னதும் ஃபேஸ்புக்கில் பார்த்ததும் மட்டும் என்றால் அது நியாயமாகப் படவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் கூச்சப்படாமல் மாப்பிள்ளையிடமே ஒரு போலீஸ் சான்றிதழ் கேட்கலாம். ஜாதகம் கேட்கக் கூச்சப்படுவதில்லையே.

கிடைக்கவே இல்லையென்றால்

எவ்வளவு முயன்றும் ஒரு நாட்டுச் சான்றிதழ் கிடைக்காத நிலை வரலாம். அப்போது செய்ய வேண்டியது, முயன்றதற்கான தடயங்களைச் சேர்ப்பது: அனுப்பிய மின்னஞ்சல், கூரியர் ரசீது, தூதரகம் மறுத்த கடிதம். இவற்றோடு ஒரு விளக்கக் கடிதம். அதிகாரி அதை ஏற்கலாம், இன்னும் முயலச் சொல்லலாம். ஒன்றுமே அனுப்பாமல் கெடுவைத் தாண்டவிடுவதுதான் நிராகரிப்புக்கு நேர்வழி. அரபியிலோ வேறு மொழியிலோ இருக்கும் சான்றிதழுக்கு ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும். ‘எங்க மாமா நல்லா அரபி படிப்பார்’ என்று உறவினரை வைத்துச் செய்தால் செல்லாது. பணம் வாங்கிக்கொண்டு கனடா மனுவைக் கையாள்கிறவர் அங்கே உரிமம் பெற்ற ஆலோசகராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும் என்பதும் சட்டம். பஸ் ஸ்டாண்டு மாடியில் போர்டு மாட்டியிருப்பது உரிமம் ஆகாது.

இப்போது வெளிநாட்டில் வேலையில் இருப்பவர்களுக்கு, கல்யாணம் இன்னும் நினைப்பில்கூட இல்லாதவர்களுக்கும் சேர்த்து, ஒரு வேண்டுகோள். ஒரு நாட்டை விட்டுக் கிளம்பும் வாரத்தில் அங்கே ஒரு போலீஸ் சான்றிதழ் எடுத்து வையுங்கள். புறப்படுவதற்கு முன் தேதியிட்டது என்று பிற்பாடு ஓர் அதிகாரி அதை ஏற்காமல் இன்னொன்று கேட்கக்கூடும். அப்போதும் உங்கள் பெயரும் எண்ணும் அவர்கள் பதிவில் எப்படி இருக்கின்றன என்பதற்கு அதுவே அத்தாட்சி. எமிரேட்ஸ் ஐடியோ, இக்காமாவோ, வொர்க் பெர்மிட்டோ, கம்பெனி வாங்கிக்கொள்வதற்கு முன் இரண்டு பக்கமும் படம் பிடித்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். விசா ஒட்டிய பழைய பாஸ்போர்ட்டை எக்காரணம் கொண்டும் தூக்கி எறியாதீர்கள்.